எச்.ஐ.வி.யும் இன்டர்ஃபெரானும்: செல்லுக்குள் நடக்கும் தற்காப்பு

எச்.ஐ.வி.யின் மரபுப்பொருள் மிகச் சிறியது. ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழையில் 9 மரபணுக்கள் மட்டுமே உள்ளன. இவற்றில் விஃப், வி.பி.ஆர்., வி.பி.யு., நெஃப் ஆகிய நான்கும் இல்லாமலேயே சில ஆய்வகச் செல் வகைகளில் இந்த வைரஸால் பெருக முடியும். அதனால் தொடக்க காலத்தில் அவற்றைத் துணை மரபணுக்கள் என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள். மனித உடலில் கதை வேறு. அங்கே செல்களுக்குத் தற்காப்பு உண்டு. அந்தத் தற்காப்பை முறிப்பதற்கே இந்த நான்கும் பெரிதும் உழைக்கின்றன என்பது 2002க்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அந்தத் தற்காப்பைத் தட்டி எழுப்பும் முதன்மையான சமிக்ஞைப் புரதங்கள்தாம் இன்டர்ஃபெரான்கள்.

இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தவர்கள் லண்டன் மில்ஹில் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மானும்; ஆண்டு 1957. வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தார்கள். அந்தத் துண்டுகள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்தன. அந்த நீரைப் புதிய சவ்வுத் துண்டுகளில் விட்டபோது உயிருள்ள வைரஸால் அவற்றில் பெருக முடியவில்லை. ஜப்பானில் யசுயிச்சி நாகானோவும் யசுஹிகோ கோஜிமாவும் 1954இலேயே இதை ஒத்த ஒரு தடுப்புப் பொருளைப் பற்றி எழுதியிருந்தாலும், பிரெஞ்சு மொழியில் வந்த அந்தக் கட்டுரை அதிகம் கவனிக்கப்படவில்லை.

இன்றைய வகைப்பாட்டில் இன்டர்ஃபெரான்கள் மூன்று வகை. முதல் வகையில் ஆல்ஃபா, பீட்டா, எப்சிலான் உள்ளிட்டவை அடங்கும். ஆல்ஃபாவுக்கு மட்டும் மனிதரிடம் 13 மரபணுக்கள் இருக்கின்றன. இரண்டாம் வகை காமா. அதை டி-செல்களும் இயற்கைக் கொல்லிச் செல்களும் சுரக்கின்றன. 2003இல் தெரியவந்த மூன்றாம் வகையான லாம்ப்டா, குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளின் மேற்பரப்பைக் காப்பதில் முக்கியமானது. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை முதல் வகைதான் மையம். காசநோயையும் சேர்த்துப் பார்க்கும்போது காமாவின் பங்கு பெரிதாகிறது.

செல் முதலில் எதிரி வந்திருப்பதை அறிய வேண்டும். ரத்த வெள்ளையணுக்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல்கள் இதில் முன்னணியில் நிற்கின்றன. அவை விழுங்கிய வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.எல்.ஆர்.7 என்னும் உணர்வி அடையாளம் காண்கிறது. சில மணி நேரத்தில் இந்தச் செல்கள் பிற செல்களைவிடப் பல நூறு மடங்கு ஆல்ஃபா இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. எச்.ஐ.வி. நேரடியாகத் தொற்றும் நோய் எதிர்ப்புச் செல்களான சி.டி.4 டி-செல்லிலும் மேக்ரோஃபேஜிலும் வேறு வழி உண்டு. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும்போது, உட்கருவுக்கு வெளியே இருக்கக் கூடாத அந்த டி.என்.ஏ.வைச் சிகாஸ் என்னும் நொதி பிடித்துக்கொள்கிறது. எச்.ஐ.வி.யை அது உணர்கிறது என்பதை 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

ஆனாலும் எச்.ஐ.வி. எளிதில் அகப்படுவதில்லை. கேப்சிட் எனப்படும் கூம்பு வடிவப் புரத உறைக்குள் ஒளிந்தபடியே அது படியெடுக்கும் வேலையைச் செய்கிறது. உறையிலிருந்து கசியும் டி.என்.ஏ. துண்டுகளை மனிதச் செல்லின் சொந்த நொதியான ட்ரெக்ஸ்-1 அரித்துத் தின்றுவிடுகிறது. தன் டி.என்.ஏ. தவறான இடத்தில் சேர்ந்து வீண் அழற்சி உண்டாகாதபடி செல் வைத்திருக்கும் துப்புரவு ஏற்பாடு அது. வைரஸுக்கு அதுவே தடயத்தை அழிக்கும் கையாளாகிவிடுகிறது.

சுரந்த இன்டர்ஃபெரான் அண்டைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தியதும், ஜாக்-1, டைக்-2 என்னும் இரு நொதிகள் உயிர்பெற்று ஸ்டாட்-1, ஸ்டாட்-2 புரதங்களைத் தூண்டுகின்றன. அவை ஐ.ஆர்.எஃப்.9 என்னும் இன்னொரு புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய், பல நூறு மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடுகின்றன. இன்டர்ஃபெரான் தானாக வைரஸைக் கொல்வதில்லை; அது முடுக்கிவிட்ட மரபணுக்களின் புரதங்களே அந்த வேலையைச் செய்கின்றன. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைவது முதல் வெளியேறுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒரு புரதம் குறுக்கே நிற்கிறது.

நுழைவாயிலில் ஐஃபிட்டம் குடும்பம் உள்ளது. செல் சவ்வில் பதிந்துள்ள இப்புரதங்கள், வைரஸின் மேலுறை செல் சவ்வோடு கலப்பதைக் கடினமாக்குகின்றன. உள்ளே வந்த கேப்சிட்டை ட்ரிம்-5 ஆல்ஃபா சூழ்ந்து வலைபோல் பின்னிச் சிதைக்கிறது. 2004இல் இதை ரீசஸ் குரங்கில் கண்டுபிடித்தபோது, மனிதருக்குத் தொற்றும் எச்.ஐ.வி. அந்தக் குரங்குக்கு ஏன் தொற்றுவதில்லை என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்தது. மனிதரின் ட்ரிம்-5 ஆல்ஃபா இந்த வைரஸிடம் பலமற்றது என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். இன்டர்ஃபெரான் பட்ட செல்லில் அதுவும் ஓரளவு வேலை செய்கிறது என்று 2019இல் தெரிந்தது. இன்டர்ஃபெரான் படாத செல்லை மட்டும் வைத்து முடிவுக்கு வந்ததன் விளைவு அந்தப் பழைய தீர்ப்பு.

அடுத்த கட்டம் படியெடுத்தல். டி.என்.ஏ. எழுத நியூக்ளியோடைடுகள் வேண்டும். சாம்-எச்.டி.1 என்னும் நொதி அவற்றை உடைத்துச் செல்லின் இருப்பைக் குறைத்துவிடுவதால் படியெடுப்பு பாதியில் நிற்கிறது. மேக்ரோஃபேஜிலும் பிரியாமல் ஓய்ந்திருக்கும் சி.டி.4 செல்லிலும் இந்த நொதி விழிப்போடு இருக்கிறது; செல் பிரியத் தொடங்கும்போது பாஸ்பேட் ஏறி அதன் தடுப்பாற்றல் போய்விடுகிறது. முதல் வகை இன்டர்ஃபெரான் அந்தப் பாஸ்பேட்டைக் குறைத்து அதை மீண்டும் வேலைக்கு இழுக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றி, குறைந்த அளவில் தமிழ்நாடு உள்பட இந்தியாவிலும் காணப்படும் எச்.ஐ.வி.-2, வி.பி.எக்ஸ். என்னும் புரதத்தால் சாம்-எச்.டி.1ஐ அழித்துவிடும். உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி.-1இடம் அந்த ஆயுதம் இல்லை. ஆனால் நோயை விரைவாக முற்றச் செய்வது எச்.ஐ.வி.-1தான். ஒரு தடையை உடைத்துவிட்டால் வைரஸ் கொடியதாகிவிடும் என்ற நேர்க்கணக்கு இங்கே செல்லாது.

படியெடுத்த டி.என்.ஏ. உட்கருவுக்குள் போவதை எம்.எக்ஸ்.2 தடுக்கிறது. 2013இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. இன்டர்ஃபெரான் தரும் பாதுகாப்பில் கணிசமான பங்கு இதற்கு உண்டு என்பதும், இது பற்றிக்கொள்வதும் கேப்சிட்டையே என்பதும் கவனிக்கத்தக்கவை.

இந்தத் தடைகளில் மிக நுட்பமானது அப்போபெக்-3ஜி. 2002இல் ஆன் ஷீஹி, மைக்கேல் மாலிம் உள்ளிட்டோர் இதைக் கண்டறிந்தனர். இது வைரஸைத் தான் இருக்கும் செல்லில் தடுப்பதில்லை. புதிதாக உருவாகும் வைரஸுக்குள் ஏறிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் பயணம் செய்கிறது. அங்கே வைரஸ் தன் டி.என்.ஏ.வை எழுதும்போது இந்தப் புரதம் சைட்டோசினை யுராசிலாக மாற்றிக்கொண்டே போகிறது. மறு இழையில் குவானின் இருக்க வேண்டிய இடங்களில் அடினின் வந்து விழுகிறது. பிழைகள் மலிந்த அந்த டி.என்.ஏ.விலிருந்து உருப்படியான வைரஸ் பிறக்காது. எச்.ஐ.வி. இதற்கு வைத்திருக்கும் மறுமொழி விஃப். செல் தன் பழைய புரதங்களை அகற்றப் பயன்படுத்தும் குறியை விஃப் அப்போபெக்-3ஜியின் மேல் ஒட்டவைத்து, செல்லின் கழிவு அகற்றும் இயந்திரமான புரோட்டியசோமுக்கு அதை அனுப்பிவிடுகிறது. விஃப் நீக்கப்பட்ட எச்.ஐ.வி. சாதாரண டி-செல்லில் பரவ முடியாமல் போவது இதனால்தான். எச்.ஐ.வி.க்கு எதிரான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) மாத்திரையால் வைரஸ் அடங்கிய நோயாளிகளிடம் எஞ்சியிருக்கும் எச்.ஐ.வி. டி.என்.ஏ.வை வாசித்தால், பெரும்பகுதி ஊனமுற்றதாகவே இருக்கிறது; அவற்றில் ஒரு பங்கு இந்தக் குவானின்–அடினின் தழும்புகளைத் தாங்கியவை.

வைரஸ் புரதம் தயாராகும் கட்டத்தில் ஷ்லாஃபன்-11, ஜி.பி.பி.5 போன்றவை குறுக்கிடுகின்றன. இவற்றைப் பற்றிய அறிவு இன்னும் முதிரவில்லை.

வெளியேறும் வாயிலில் நிற்பது டெதரின். 2008இல் அடையாளம் காணப்பட்ட இந்தப் புரதத்துக்கு இரண்டு முனைகளிலும் சவ்வில் பதியும் நங்கூரம் உண்டு. மொட்டுவிட்டுப் பிரியும் வைரஸின் உறையில் ஒரு முனையும் செல்லின் சவ்வில் மறுமுனையும் மாட்டிக்கொள்ள, கரையில் கயிறு கட்டி நிறுத்திய வள்ளம்போல வைரஸ் செல்லின் ஓரத்திலேயே கிடக்கிறது. மின்நுண்ணோக்கிப் படங்களில் செல்லைச் சுற்றி வைரஸ்கள் கொத்துக்கொத்தாகத் தொங்குவதைக் காணலாம். எச்.ஐ.வி.யின் வி.பி.யு. புரதம் டெதரினைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து இழுத்து அழித்து வைரஸை விடுவிக்கிறது.

எச்.ஐ.வி.-1இன் மூதாதையான வைரஸ் சிம்பன்சியில் வாழ்ந்தது. அங்கே டெதரினை முறித்தது நெஃப். மனிதப் பரிணாமத்தில் டெதரினின் வாலிலிருந்து 5 அமினோ அமிலங்கள் உதிர்ந்துபோயின. நெஃப் பற்றிக்கொள்வது அந்த இடத்தைத்தான். ஆக, மனிதருக்குத் தாவிய வைரஸ் புதிய கருவி தேட வேண்டியதாயிற்று. எச்.ஐ.வி.-1இன் குழுக்களில் எம் குழு வைரஸ் வி.பி.யு.வை அதற்குப் பழக்கிக்கொண்டது. பிற குழுக்கள் மத்திய ஆப்பிரிக்காவைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. எம் குழு உலகைச் சுற்றி வந்தது. 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டதும், இன்று இந்தியாவில் பரவியிருப்பதும் எம் குழுதான். டெதரின் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. நகரங்களும் சாலைகளும் ஊசிகளும் அதற்குத் துணைநின்றன. ஆனாலும் ஒரு புரதத்தின் வாலில் நேர்ந்த இழப்பு ஒரு கொள்ளைநோயின் வரலாற்றோடு பிணைந்திருப்பது இத்துறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று.

இவ்வளவு தடைகள் இருந்தும் தொற்று ஏன் நிகழ்கிறது? விடை பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது. 2014இல் வெளியான ரீசஸ் குரங்கு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குரங்கு எச்.ஐ.வி.யான எஸ்.ஐ.வி. தொற்றும் நாட்களில் இன்டர்ஃபெரான் ஏற்பியை மருந்தால் அடைத்தபோது, வைரஸின் தேக்கம் பெருகியது, சி.டி.4 செல்கள் வேகமாகச் சரிந்தன, எய்ட்ஸ் சீக்கிரம் வந்தது. மாறாக, தொற்றுக்கு முன்பே ஆல்ஃபா இன்டர்ஃபெரான் கொடுத்த குரங்குகளில் தொற்று உடலெங்கும் பரவுவது முதலில் தடைபட்டது. ஆனால் அதையே தொடர்ந்து கொடுத்தபோது செல்கள் அந்தச் சமிக்ஞைக்கு மரத்துப்போயின. முடிவில் அந்தக் குரங்குகளின் நிலை மோசமானது.

மனிதரிடமும் முதல் நாட்கள் இப்படித்தான் கொந்தளிக்கின்றன. ரத்தத்தில் வைரஸ் தென்படத் தொடங்கிய சில நாட்களிலேயே ஆல்ஃபா இன்டர்ஃபெரான் உயர்கிறது. காய்ச்சல், உடல்வலி, தொண்டைக் கரகரப்பு என்று வரும் தொடக்கநிலை அறிகுறிகளில் இதன் பங்கும் உண்டு. எதிர்ப்புரதம் உருவாக அதன்பின் வாரக்கணக்கில் ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வளைகுடா வேலைக்குச் செல்வோருக்கு விசா மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் பார்க்கப்படுகிறது, அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களிலும் அதே வகைப் பரிசோதனை இலவசம். இவை முதன்மையாக எதிர்ப்புரதத்தைத் தேடுபவை. இன்டர்ஃபெரான் உச்சத்தில் இருக்கும் அந்த முதல் நாட்களில் முடிவு எதிர்மறையாக வரலாம். ஆபத்தான தொடர்பு ஏற்பட்டிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது இதற்காகவே.

தொற்றைத் தொடங்கிவைக்கும் வைரஸும் ஏனோதானோ என்று வந்து சேர்வதில்லை. பாலுறவு வழித் தொற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு வைரஸின் வழித்தோன்றல்களே உடலெங்கும் பரவுகின்றன. அந்த மூல வைரஸைப் பிரித்தெடுத்து, அதைக் கொடுத்தவரின் உடலில் உள்ள மற்ற வைரஸ்களோடு ஒப்பிட்டபோது, அது இன்டர்ஃபெரானை அதிகம் தாங்குவதாகத் தெரிந்தது. சளிச்சவ்வில் இன்டர்ஃபெரான் ஒரு சல்லடையாக நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அந்தச் சல்லடையில் பெண்களின் இனப்பெருக்கப் பாதையில் இன்னோர் ஏற்பாடும் உண்டு: தொற்று வரும்வரை காத்திராமல், ஹார்மோன்களின் கட்டுப்பாட்டில் எப்போதும் சுரந்துகொண்டிருக்கும் எப்சிலான் இன்டர்ஃபெரான்.

தொற்று நிலைத்துவிட்ட பிறகு இதே இன்டர்ஃபெரான் சுமையாகிவிடுகிறது. மாதக்கணக்கில் அணையாமல் எரியும் இந்தச் சமிக்ஞை டி-செல்களைக் களைப்படையச் செய்கிறது. தொற்றாத செல்களையும் தற்சாவுக்குத் தள்ளுகிறது. செல்லுக்குள் வைரஸ் டி.என்.ஏ.வை உணரும் ஏற்பாடே சில நேரம் கேடாக முடிகிறது. நிணநீர்க் கணுக்களில் மடியும் சி.டி.4 செல்களில் மிகப் பெரும்பாலானவை, படியெடுப்பு பாதியில் நின்ற டி.என்.ஏ.வை உணர்ந்து அழற்சியோடு வெடித்து மடிபவை என்று 2014இல் காட்டப்பட்டது. ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளின் உடலில் எஸ்.ஐ.வி. ஏராளமாக இருந்தும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவதில்லை. தொடக்கத்தில் அவற்றிடமும் இன்டர்ஃபெரான் பொங்குகிறது. சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. ரீசஸ் குரங்கிலும் மனிதரிலும் அது தணிவதில்லை. மனித நோய் எதிர்ப்புச் செல்கள் பொருத்தப்பட்ட எலிகளில், நாட்பட்ட தொற்றின்போது இன்டர்ஃபெரான் ஏற்பியை அடைத்தால் டி-செல்கள் தேறியதையும் தேங்கிய வைரஸ் குறைந்ததையும் 2017இல் இரு குழுக்கள் பதிவுசெய்தன. ஆண்களைவிடப் பெண்களின் டென்ட்ரிட்டிக் செல்கள் அதிக ஆல்ஃபா சுரக்கின்றன. வைரஸ் அளவு சமமாக இருந்தாலும் பெண்களிடம் நோய் விரைந்து முற்றுவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இன்டர்ஃபெரானை மருந்தாகப் பயன்படுத்திப் பார்த்த முயற்சிகளின் தோல்வியும் இங்கிருந்தே விளங்குகிறது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சார்கோமா புற்றுக்கு 1988இல் அமெரிக்காவில் ஆல்ஃபா இன்டர்ஃபெரான் அனுமதிக்கப்பட்டது. வைரஸையே அடக்க அதைக் கொடுத்துப் பார்த்தபோது பலன் ஓரளவே இருந்தது. காய்ச்சல், ரத்த அணுக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை கூடவே வந்தன. 2013இல் வெளியான சிறு ஆய்வொன்றில், ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்திவிட்டுப் உடலில் நெடுநேரம் தங்கும்படி பெகிலேற்றிய இன்டர்ஃபெரானை மட்டும் பெற்ற 20 பேரில் 9 பேருக்கு 12 வாரம் வைரஸ் அடங்கியிருந்தது. ஆர்வமூட்டும் முடிவுதான், ஆனால் தினம் ஒரு மாத்திரை எல்லோருக்கும் செய்வதை, பக்கவிளைவு மிகுந்த ஊசி பாதிப் பேருக்கும் செய்யவில்லை. மருந்தாக விற்கப்படும் ஆல்ஃபா-2ஐவிட ஆல்ஃபா-14 போன்ற உறவினங்கள் ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யை வலுவாகத் தடுக்கின்றன என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய, எம் குழுவின் பி துணைவகை வைரஸை வைத்து நடந்தது. தமிழ்நாட்டில் பரவியிருப்பது சி. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டபோது இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. நாட்டில் தொற்று பெற்றோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களிடம் இருப்பது சி துணைவகையே. பி வைரஸின் மரபணுத் தொடக்கத்தில் என்.எஃப்.கப்பா-பி என்னும் காரணி அமரும் இடங்கள் பொதுவாக 2; சி வைரஸில் 3. இந்திய வைரஸ்கள் சிலவற்றில் 4 இருப்பதையும் அவை வேகமாகப் படியெடுக்கப்படுவதையும் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு 2012இல் வெளியிட்டது. செல் தொற்றை உணர்ந்து இன்டர்ஃபெரான் சுரக்க ஆயத்தமாகும்போது இந்தக் காரணியும் கூடவே விழிக்கிறது. தற்காப்புக்கு எழும் அதே அபாயமணி வைரஸின் மரபணுவையும் ஊக்குவிக்கக்கூடும் என்பதால், பி துணைவகையில் கிடைத்த முடிவுகளைத் தமிழ்நாட்டு நோயாளிகளுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல.

காமா இன்டர்ஃபெரானுக்குச் சென்னையில் தனி வரலாறு உண்டு. சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆய்வு மையத்தில் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 2006இல் டி.பி.சி.-எம்4 என்னும் எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. இந்தியாவில் பரவும் சி துணைவகையின் மரபணுக்களைக் கொண்டு செய்த அந்த ஊசியைத் தன்னார்வலர்கள் போட்டுக்கொண்டார்கள். டி-செல் பதிலை அளந்த முறையில் காமா இன்டர்ஃபெரான்தான் அளவுகோல்: வெள்ளையணுக்களைச் சிறு குழிகளில் இட்டு வைரஸ் புரதத்துண்டுகளைச் சேர்த்தால், விழித்த ஒவ்வொரு செல்லும் சுரக்கும் காமா அதனடியில் ஒரு புள்ளியாகப் படியும், புள்ளிகளை எண்ணினால் பதில் தெரியும். ஊசி பாதுகாப்பானதாக இருந்தது. ஆனால் பயன்பாட்டுக்கு வரும் தடுப்பூசியாக அது வளரவில்லை.

காசநோயில் இதன் பங்கு இன்னும் நேரடியானது. காசநோய்க் கிருமியை அடைத்துவைத்திருக்கும் மேக்ரோஃபேஜுக்கு வலுவூட்டுவது சி.டி.4 செல்கள் சுரக்கும் காமா. எச்.ஐ.வி. அந்தச் செல்களை அழிக்கும்போது காமா குறைகிறது. பல ஆண்டுகளாக உறங்கிக்கிடந்த காசநோய் எழுந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. உள்ளோரை அதிகம் தாக்கும் துணைநோய் காசநோய்தான். காமா அளவை வைத்து மறைந்திருக்கும் காசநோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை, சி.டி.4 மிகக் குறைந்தவர்களிடம் ஏமாற்றுவதும் இதனால்தான். மறுபுறம், தீவிரக் காசநோயில் முதல் வகை இன்டர்ஃபெரான் மிகுந்தால் அது நோயாளிக்கு நன்மையல்ல, தீமை.

ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தியதும், செல்களில் மறைந்திருந்த தேக்கத்திலிருந்து மீண்டெழும் வைரஸ்களும் இன்டர்ஃபெரானை நன்கு தாங்குபவையே என்று 2021இல் தெரிந்தது. ஆகவே எச்.ஐ.வி.யை உடலிலிருந்து முற்றாக நீக்கும் முயற்சியில் இன்டர்ஃபெரானை மட்டும் நம்ப இடமில்லை. ஆனால் அது காட்டிக்கொடுத்த இலக்குகள் பயன் தரக்கூடியவை. ட்ரிம்-5 ஆல்ஃபாவும் எம்.எக்ஸ்.2வும் தாக்கும் கேப்சிட்டையே குறிவைக்கும் லெனகாபவிர் என்னும் மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாகப் போட்டால் தொற்றைத் தடுக்கிறது. ஆப்பிரிக்காவில் நடந்து 2024இல் முடிவு வெளியான சோதனையில், இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை.

எச்.ஐ.வி. சிகிச்சைக்கென இன்டர்ஃபெரான் ஊசி தமிழ்நாட்டின் எந்த ஏ.ஆர்.டி. மையத்திலும் வழக்கத்தில் இல்லை. 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தொடங்கிய இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தில் முதல் மையங்களுள் ஒன்று தாம்பரம் சானடோரியம். கன்னியாகுமரி மாவட்டத்தினருக்கு நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. 2017 முதல் சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மாத்திரை தரப்படுகிறது. தொற்று தெரிந்தவர்கள் தாமதிக்காமல் அதைத் தொடங்க வேண்டும்.